பழைய மோட்டார் வண்டிகளின் மீளமைப்பு: மன்னார்க் கரையின் பின்னணியில் ஒரு வரலாற்று நோக்கு

பழுதுற்றதை மீண்டும் செப்பஞ் செய்வது மன்னார் மண்ணுக்குப் புதிய தொழிலன்று. நெடுங்காலம் பயனற்றுக் கிடந்த கட்டுக்கரைக்குளம் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் மீண்டும் நீர் தேக்கியது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்ற திருக்கேதீச்சரம், 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து எழுந்த முயற்சிகளின் பயனாகப் படிப்படியாக உருப்பெற்று, 1976இல் பெருங் குடமுழுக்குக் கண்டது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015இல் இறங்குதுறை வரை மீண்டும் இயங்கத் தொடங்கியது. இம்மூன்றையும் வரலாற்று நூல்கள் பேசும். ஆயின் வீட்டுக் கொட்டிலொன்றில் துருவேறிக் கிடக்கும் பழைய மோட்டார் வண்டியை அவை பேசுவதில்லை. அதனைச் செப்பஞ் செய்வது செல்வர்தம் பொழுதுபோக்கு என்ற எண்ணமே பலரிடத்தும் நிலவுகின்றது.

இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. ஒரு நாட்டின் வாணிகக் கொள்கை, மொழிப்பூசல், போர், இடப்பெயர்வு, கைவினைஞரின் நுண்ணறிவு ஆகிய அனைத்தும் தம் சுவடுகளை ஒரு காரின் உடலிற் பதித்துச் சென்றுள்ளன. அச்சுவடுகளை வாசிக்கத் தெரியாமல் மீளமைப்பைத் தொடங்குபவர், ஓலைச்சுவடியைத் தூய்மை செய்வதாக எண்ணி எழுத்தையும் சேர்த்து அழித்துவிடுபவரை ஒப்பர். பழைய காரொன்றின் மீளமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற வினாவை மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் கண்ட வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலும் வீதியும்

மன்னார் தொன்றுதொட்டு ஒரு கடவை நிலம். 1914ஆம் ஆண்டில் பாம்பன் புகையிரதப் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபோது, தென்னிந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் பெருவழியின் நடுக்கண்ணியாக அது மாறியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்னும் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து கப்பற்சேவை தொடர்ந்து, 1980களில் அதுவும் நின்றது.

இப்பெருவழி மக்களுக்கும் சரக்குகளுக்கும் உரிய வழியாக இருந்ததேயன்றி, மோட்டார் வண்டிக்கு உகந்த வழியாக அமையவில்லை. பாம்பனில் வீதிப் பாலம் திறக்கப்பட்டது 1988இலேயே. அதுவரை இந்தியப் பக்கத்தில் ஒரு கார் இராமேசுவரத் தீவை அடைய வேண்டுமாயின் புகையிரதத்தின் மேலேயோ படகின் மேலேயோ ஏற்றப்பட்டாக வேண்டும். ஆகவே இலங்கையின் கார்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கி, மதவாச்சி வழியாக வடமேற்குக் கரையை நோக்கி வந்தன. பெருநிலத்தையும் தீவையும் பிரிக்கும் ஆழங்குறைந்த கடலின் குறுக்கே 1930இல் தாம்போதியும் பாலமும் அமைந்தபின்னரே மோட்டார் வண்டி தடையின்றித் தீவினுள் நுழைய முடிந்தது. மன்னார்த் தீவின் மோட்டார் வரலாறு உண்மையில் அப்பாலத்தோடுதான் தொடங்குகின்றது எனலாம்.

ஒரே பொறியின் பல வடிவங்கள்

இலங்கையில் ஸ்போட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டிகளின் களம் மலைநாடேயாகும். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கிற்று. எம்.ஜி., ஒஸ்ரின்-ஹீலி, ட்றையம்ப் முதலிய பெயர்கள் அத்தகைய களங்களிலேயே புகழ்பெற்றன. மணலும் உவர்நிலமும் சூழ்ந்த மன்னார் வீதிகளில் வேண்டப்பட்டவையோ ஆளையும் மூட்டையையும் ஒருங்கே சுமக்கும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற உழைக்கும் வண்டிகள். இவ்விரு குலங்களுக்கும் தொடர்பேதும் இல்லை என்றே மேலெழுந்தவாரியாக நோக்குவோர் கருதுவர்.

பொறியைத் திறந்து பார்ப்பவருக்கு வேறோர் உண்மை புலனாகும். 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸின் தாய் நிறுவனமாகிய நஃபீல்டும் இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆகியதன்பின், ஒரே பொறி பல உடல்களில் ஏற்றப்பட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1956 முதல் 948 கன சென்ரிமீற்றர் கொண்ட ஏ வரிசைப் பொறியைத் தாங்கியது. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய ஸ்போட்ஸ் காரின் பொறியும் அதுவே. இரண்டு காபுரேற்றர்கள் பூட்டி அதன் வேகத்தைக் கூட்டினர். ஸ்பிறைற்றின் சுக்கான் பொறியமைப்பும் மைனரிலிருந்து பெறப்பட்டதே. அவ்வாறே 1955இல் வந்த எம்.ஜி.ஏ. காரின் 1489 கன சென்ரிமீற்றர் பி வரிசைப் பொறி, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றின் பொறிக்கு உடன்பிறப்பு. அந்த ஒக்ஸ்போட் வண்டியே இந்தியாவில் அம்பாசடர் என்னும் பெயரில் 1957 முதல் 2014 வரை உருவாக்கப்பட்டது.

இதனினும் வியப்பூட்டும் உறவு ஒன்றுண்டு. பெர்குசன் உழவு இயந்திரத்துக்குப் பொறி வழங்கியது இங்கிலாந்தின் ஸ்ராண்டட் நிறுவனம். அப்பொறியின் வழிவந்த வடிவமே 1953இல் வெளிவந்த ட்றையம்ப் ரி.ஆர்.2 என்னும் ஸ்போட்ஸ் காரிலும் இடம்பெற்றது. கழற்றி மாற்றத்தக்க உருளைக் குழல்களைக் கொண்ட ஒரே குடும்பப் பொறி, ஓரிடத்தில் வயலை உழுதது. பிறிதோரிடத்தில் பந்தயம் ஓடியது. வயற்கரையில் உழவு இயந்திரம் திருத்திக் கைதேர்ந்த ஒருவர், தாம் ஒருபோதும் கண்டிராத ஸ்போட்ஸ் காரின் உட்பொறியையும் பாதிக்குமேல் அறிந்தவராவார். மீளமைப்புக்கு வேண்டிய அறிவு தலைநகரங்களில் மட்டுமே உண்டு என்னும் கருத்து இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

தகடு தரும் சான்று

1960களின் தொடக்கத்தில் எழுந்த அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை அரசு கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களே மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டு ஓடவேண்டியிருந்தது. பிற நாடுகளில் பத்தாண்டில் இரும்புக் கடைக்குச் சென்றிருக்கக்கூடிய வண்டிகள் ஈழத்தின் ஊர்களிலே தலைமுறை கடந்து வாழ்ந்தமைக்கு இதுவே முதற்காரணம். அன்பினால் அன்று, இல்லாமையினாலேயே அவை பேணப்பட்டன. ஆயினும் இல்லாமை வளர்த்த கைத்திறன் உண்மையான கைத்திறனே.

அக்கார்களின் இலக்கத் தகடுகளும் வரலாற்று ஆவணங்களே. தொடக்கத்தில் சிலோன் என்னும் நாட்டுப் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து பெற்ற ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற இணைகள் தகட்டில் இடம்பெற்றன. 1957இல் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழ்ப் பகுதிகளில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பிச் 'சிறீ எதிர்ப்புப் போராட்டம்' என்னும் பெயர் பெற்றது. 1958 ஏப்பிரலில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டமையும் அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டமையும் அக்காலத்தை ஒட்டிய நிகழ்ச்சிகள். கையகல இரும்புத் தகடு ஒன்று நாட்டின் மொழி வரலாற்றையே சுமந்து நிற்கின்றது. மீளமைப்பின்போது பழைய தகட்டை எறிந்துவிட்டு அழகுக்காக வேறொன்றைப் பூட்டுபவர் ஒரு சான்றையே அழிக்கின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

தடைக்காலமும் மண்ணெண்ணெயும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டில் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதம் நின்றது, பலர் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். ஒக்ரோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்களைச் சேர்ந்தோர் வீடு வாசல்களையும் ஏனைய உடைமைகளையும் கைவிட்டுக் கடல்வழியே புத்தளக் கரைக்குச் செல்ல நேர்ந்தது.

அதன்பின் ஒரே மாவட்டம் இரு உலகங்களாகப் பிரிந்தது. தீவு அரச படையினரின் பிடியில் இருந்தது. பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்து பொருளாதாரத் தடைக்குள்ளாயிற்று. பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகங்கள் ஆகியன தடைப்பட்ட பொருள்களாயின. யாழ்ப்பாணத்திலும் வன்னிப் பெருநிலத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது இக்காலத்திலேயே.

அது எவ்வாறு இயன்றது என்பது அறியத்தக்கது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. அழுத்தம் மிகுந்த பொறியில் அது காலத்துக்கு முந்தித் தீப்பற்றிப் பொறியைத் தட்டச் செய்யும். பழைய பிரித்தானியப் பொறிகளிற் பலவற்றின் அழுத்த விகிதமோ ஏறத்தாழ 7:1 என்னும் தாழ்ந்த அளவினது. தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொள்ளும். எனவே திருத்துநர்கள் சிறு போத்தலொன்றில் சிறிதளவு பெற்றோலை வைத்து, மருத்துவமனையில் சேலைன் ஏற்றப் பயன்படும் குழாய் போன்றதொன்றினூடாக அதனைக் காபுரேற்றருக்குச் செலுத்திப் பொறியைத் துவக்கினர். பொறி நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, 1949 முதல் இதே தத்துவத்தின்படியே பெற்றோலில் துவங்கி, மண்ணெண்ணெயை ஒத்த எரிநெய்யில் இயங்குமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலைப் பொறியியலாளர் வரைபலகையில் கண்டதை ஊர்த் திருத்துநர் தேவையின் உந்துதலால் தம் கொட்டிலிற் செய்துகாட்டினர்.

1977க்குப் பின் வந்த புதிய ஜப்பானிய வண்டிகள் பல இந்நிலையிற் பின்தங்க, அவற்றுக்கு முந்திய மொறிஸும் ஒஸ்ரினும் மீண்டும் வீதிக்கு வந்தமை காலத்தின் விந்தை. ஆயின் இதற்கு விலையும் உண்டு. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே கசிந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. தாங்கிகள் தேய்ந்தன, தீப்பொறிச் செருகிகள் கரியேறின. இன்று அக்காலத்துக் காரொன்றைத் திறப்பவர் காணும் தேய்மானம் வெறும் முதுமையின் அடையாளமன்று. தடைக்காலத்தின் கையெழுத்து அது.

2002இல் போர்நிறுத்தத்தோடு தடை நீங்கியது. பின்னர்ப் போர் மீண்டும் மூண்டு, 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலத்து மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். உழவு இயந்திரத்திலும் லொறியிலும் ஏற்றிய உடைமைகளோடு கிளிநொச்சியைக் கடந்து சென்ற அவர்களுட் பலர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். போர் முடிந்தபின் அக்கரையோரத்திலும் வீதியோரங்களிலும் எரிந்தும் சிதைந்தும் கிடந்த ஊர்திகள் குவியல் குவியலாகச் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் துருவேறின. அவற்றை எவராலும் மீளமைக்க இயலாது. மீளமைப்பைப் பற்றிய எந்தச் சிந்தனையும் இவ்வெல்லையை உணர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

தொடக்கம் எங்கே?

மேற்கூறிய வரலாற்றின் ஒளியில் நோக்குமிடத்து, மீளமைப்பின் முதல் வினா பொறியைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. கைவிடப்பட்டதுபோலத் தோன்றும் கார் உண்மையில் கைவிடப்பட்டதா, அன்றி அதன் உரிமையாளர் ஓரிரவில் ஊரைவிட்டு நீங்க நேர்ந்ததா? இடப்பெயர்வு கண்ட மாவட்டத்தில் இவ்வினாவுக்கு விடை காணாது ஓர் ஆணியையும் கழற்றுதல் அறமாகாது. பதிவுப் புத்தகம், அடிச்சட்ட இலக்கம், பொறி இலக்கம், தகட்டு இலக்கம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதே முதற்பணி.

இரண்டாவது பணி பதிவு செய்தல். கழற்றுமுன் காரின் ஒவ்வொரு பக்கமும் படம் எடுக்கப்படல் வேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பும் பெயர்ச்சீட்டோடு வைக்கப்படல் வேண்டும். தொல்லியலாளர் அகழ்வாய்வில் மண்ணடுக்குகளைக் குறித்துக்கொள்வதுபோல, வண்ணப் பூச்சின் அடுக்குகளையும் குறித்துக்கொள்ளலாம். மேற்பூச்சின் கீழே பழைய நிறம் இருக்கும். அதன் கீழே தொழிற்சாலை நிறம் இருக்கும். ஊர்க் கொல்லர் செய்து பொருத்திய துண்டு, வேறு வண்டியிலிருந்து எடுத்த உறுப்பு, மண்ணெண்ணெய்க்கெனப் புகுத்திய சிறு குழாய் ஆகியன குப்பைகளல்ல.

மூன்றாவது பணி பொறுமை. நெடுங்காலம் ஓடாதிருந்த பொறியை ஆர்வமிகுதியால் உடனே துவக்க முயல்வது பெரும் பிழை. உருளையினுள் ஆடுதண்டு துருப்பற்றி ஒட்டியிருக்கக்கூடும். செருகிகளைக் கழற்றி, துளைகளின்வழி மெல்லிய எண்ணெயை ஊற்றி, சில நாள்கள் ஊறவிட்டுக் கையாலேயே சுழற்றிப் பார்த்தல் வேண்டும். பழைய எரிபொருளை வடித்துத் தொட்டியைக் கழுவுதலும், நிறுத்தி அமைப்பைச் செப்பஞ் செய்தலும் பொறியின் முழக்கத்தைக் கேட்பதற்கு முன்னர் முடிக்க வேண்டியவை. இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் 2002இல் விலக்கப்பட்டமையால், அக்கலவைக்கென அமைந்த பழைய வார்ப்பிரும்புத் தலைப்பகுதிகளின் வால்வு இருக்கைகள் தேயும் வாய்ப்பும் கருத்திற் கொள்ளத்தக்கது.

நான்காவது, மன்னாருக்கே உரிய இடர். இருபுறமும் கடல் சூழ்ந்த இத்தீவில் காற்று எப்பொழுதும் உப்பைச் சுமந்து வருகின்றது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். இரும்பின்மேல் ஈரமும் உப்பும் சேரும்போது சிறு மின்கலம்போன்ற வேதிவினை நிகழ்ந்து துரு விரைவாகப் பரவும். மேலே பூச்சுப் பளபளக்க, உள்ளே தகடு கடலைத் தோல்போல மெலிந்திருப்பது இதனாலேயே. உப்பை நன்னீரால் முற்றக் கழுவாது பூசப்படும் புதிய வண்ணம் நோயை மூடிவைக்குமேயன்றி ஆற்றாது.

இவ்விடத்தில் காரின் கட்டமைப்பை அறிதல் இன்றியமையாதது. எம்.ஜி.யின் பழைய ரி வரிசைக் கார்களில் இரும்பு அடிச்சட்டத்தின்மேல் மரச்சட்டம் அமைத்து, அதன்மேல் தகடு போர்த்தப்பட்டிருக்கும். ஆங்கே கொல்லரோடு தச்சரும் வேண்டப்படுவர். எம்.ஜி.ஏ. காருக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மொறிஸ் மைனரிலோ உடலே பெருமளவுக்குச் சட்டமாகவும் விளங்குகின்றது. கதவின் கீழுள்ள வாயிற்படிப் பகுதி உக்கிப்போயின் முழு வண்டியும் வலுவிழக்கும். முட்டுக்கொடுக்காமல் அப்பகுதியை வெட்டி நீக்கினால் உடல் வளைந்து, பின்னர் எக்கதவும் பொருந்தாது. சுவரை இடிக்குமுன் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் கொத்தனாரின் அறிவே ஈண்டும் வேண்டுவது.

எதனை மீட்பது?

இவையனைத்தும் முடிந்தபின்னும் அடிப்படையான வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. காரை எந்தக் காலத்துக்கு மீட்பது? தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் புதுமைக்கா, அன்றி அது வாழ்ந்த வாழ்வுக்கா?

மன்னாரின் நினைவுச்சின்னங்கள் மூவகை விடைகளை முன்வைக்கின்றன. திருக்கேதீச்சரம் வழிபாட்டுக்காகப் புதிதாக எழுப்பப்பட்டது. அங்கே மீட்கப்பட்டது கல்லன்று, தொடர்ச்சி. புகையிரதப் பாதை பயணத்துக்காகப் புதிய தண்டவாளங்களோடு அமைக்கப்பட்டது. பயனே அங்கு அளவுகோல். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையோ சிதைந்த நிலையிலேயே தன் வரலாற்றைக் கூறிநிற்கின்றது. வழிபாடு, பயன், சான்று என்னும் இம்மூன்றில் காருக்கு உரியது எது?

உலக அளவில் இவ்வினா ஆராயப்பட்டுள்ளது. கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் நெறியைப் பின்பற்றி, பழைய ஊர்திகளுக்கெனத் தூரின் சாசனம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. புதுப்பித்தலினும் பேணுதலுக்கு அது முதன்மை தருகின்றது. ஊர்தி தன் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்களும் மதிக்கத்தக்கவை என்பதும், செய்யும் எப்பணியும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்பதும் அதன் சாரம்.

இந்நெறியை வடபுலத்துக் காருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1956ஆம் ஆண்டு மைனர் ஒன்று இங்கிலாந்துத் தொழிற்சாலையில் இருந்தது சில நாள்களே; ஈழத்து வீதிகளில் இருந்ததோ பல பத்தாண்டுகள். அதன் மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றி எறிந்து, அயல்நாட்டிலிருந்து தருவித்த புத்துறுப்புகளால் அதனை நிரப்பினால், காட்சிக்கு அழகிய ஆங்கிலக் கார் ஒன்று கிடைக்கும். ஆனால் ஈழத்துக் கார் ஒன்று மறைந்துவிடும். மறுபுறத்தே, தேய்ந்த தாங்கியும் உக்கிய நிறுத்திக் குழாயும் வரலாறு என்று கூறி அவற்றோடு வீதியில் இறங்குதல் உயிருக்கு இடர். எனவே ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் இன்றியமையாதவற்றைப் புதுப்பித்தலும், ஏனையவற்றை இருந்தவாறே பேணுதலும், நீக்கியே ஆகவேண்டிய பழைய உறுப்பைக் குறிப்போடு சேமித்து வைத்தலுமே பொருத்தமான நடுவழியாகும்.

முடிவுரை

பழைய கார் மீளமைப்பு இரும்பைப் பற்றிய பணியாகத் தொடங்கி, மனிதரைப் பற்றிய பணியாக நிறைவெய்துகின்றது. உதிரிப்பாகத்தை வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். தடைக்காலத்தில் அப்பொறிகளை உயிரோடு வைத்திருந்த திருத்துநரின் அறிவை எங்கிருந்தும் வரவழைக்க இயலாது. அவ்வறிவு நூலில் எழுதப்பட்டதன்று. கையிலும் செவியிலும் தங்கியது. பொறியின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொன்ன அத்தலைமுறையினர் முதுமையெய்திவிட்டனர். கராச் ஒன்றின் அமைதியில் அவர்களிடம் கேட்டு, செய்முறைகளையும் தொழிற்சொற்களையும் எழுதிவைத்தல் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை மாணவர்க்கும் பொறியியல் மாணவர்க்கும் உகந்த ஆய்வுப் பொருளாகும்.

2010இல் புதிய மன்னார்ப் பாலம் திறக்கப்பட்டதன்பின் ஊர்திகள் மீண்டும் தடையின்றித் தீவினுட் செல்கின்றன. கொட்டில்களிலே எஞ்சிக் கிடக்கும் பழைய வண்டிகளும் ஒருநாள் அப்பாலத்தைக் கடக்கக்கூடும். அன்று அவை தம் உடலிற் சுமந்த வரலாற்றோடு கடத்தல் வேண்டும். அதற்கான முதற்படி திருகாணியைக் கழற்றுவதன்று. இவ்வண்டி யாருடையது, எவ்வழி வந்தது, யாரால் காக்கப்பட்டது என்று கேட்பதேயாகும்.